குதிரை மேல் உட்கார்ந்திருந்த ஈ

போன மாதம், பென்னாகரம் பக்கத்தில் கால்நடை ஆய்வாளராக இருக்கும் ஒரு தம்பி என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினான். வேலிக்குச்சியின் நுனியில் ஒரு பெரிய ஈ உட்கார்ந்திருந்தது. “அண்ணே, இந்த மாட்டு ஈ இங்க ஏகத்துக்கும் கெடக்குது. மருந்தடிக்கச் சொல்லிடட்டுங்களா?” என்று கீழே கேட்டிருந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். உடனே போன் போட்டேன்.

“இதை எங்கடா படம் புடிச்ச?”

“வேலி மேலண்ணே.”

“மாட்டு மேல இருக்கறதை ஒண்ணாவது எடுத்தியா?”

“அது எங்கண்ணே நிக்குது? மாடு வாலாட்டுனா பறந்துடுது. இதான் பாவம், அசையாம போஸ் குடுத்துச்சு.”

“மருந்தும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். இது ரத்தம் குடிக்கிற ஈ இல்லடா. ரத்தம் குடிக்கிற ஈயைப் புடிச்சித் தின்னுற ஈ. இதைக் கொன்னுட்டீன்னா அதுங்களுக்குக் கொண்டாட்டம்.”

தம்பி அசந்து போய்விட்டான். படத்தைப் பார்த்தே எப்படிச் சொன்னீர்கள், எங்கள் ஆய்வாளர் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டான். என்னுடைய கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பான். நான் எழுதப் போவது வேறு. படித்துவிட்டு மலரில் போட வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாகத் தூக்கிப் போடட்டும். எழுதிவிட்டேன் என்ற நிம்மதியாவது எனக்கு இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்த சமயம், அறுபத்தைந்து வாக்கில். எங்கள் குடும்பம் வேதக்காரக் குடும்பம், கத்தோலிக்கர்கள். மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் நிலக்கடலையும் போட்டுப் பிழைத்தவர்கள். மூத்த பிள்ளையாவது மாதச் சம்பளம் வாங்கட்டும் என்று என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மாட்டைப் படுக்க வைப்பது, காயடிப்பது, மூங்கில் குழாயில் மருந்து புகட்டுவது, ஊசியை வேகவைப்பது எல்லாம் அங்கே கற்றது. மாடு உதைக்கும் முன்னால் அதன் கண்ணைப் பார்த்து விலகிக்கொள்வதை மட்டும் யாரும் கற்றுத்தரவில்லை. அதை என் முழங்காலே கற்றுக்கொண்டது.

கால்நடை மருந்தகத்தில் என் வேலை கம்பவுண்டர் வேலை. ஊர்க்காரர்களுக்கு நானும் டாக்டர்தான். “டாக்டரு வந்துட்டாரு, மாட்டைப் புடி” என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது? ஒரு நாளில் இருநூறு மாட்டுக்கு வெக்கை நோய் ஊசி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். கை அவ்வளவு வேகம். ஆனால் ஊசி போட்ட மாட்டையெல்லாம் பதிவேட்டில் எழுத வேண்டும். யார் மாடு, என்ன நிறம், என்ன கொம்பு, எத்தனை பல் என்று கட்டம் கட்டமாக இருக்கும். மாட்டின் பக்கத்தில் நின்று அதை எழுதுவதற்கு எனக்குப் பொறுமை கிடையாது. பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்திருக்கும்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பிவிடுவேன். “வெள்ளை, வளைந்த கொம்பு.” அடுத்தது, “மயிலை, வளைந்த கொம்பு.” ஊசி போட்டது நிஜம். கொம்பு எப்படி இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது என் கட்சி.

அப்போதுதான் டாக்டர் சுந்தரம் வந்து சேர்ந்தார். காலேஜ் முடித்துவிட்டு நேராக எங்கள் மருந்தகத்துக்கு வந்தவர். என்னைவிட மூன்று வயது சின்னவர். ஒல்லி உடம்பு, குரலே எழும்பாது. கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் தாயத்துக்குப் பதில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. யாரையும் ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். மாட்டிடமே “கொஞ்சம் திரும்புங்க” என்று சொல்வார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

வந்த இரண்டாவது வாரம் என் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பொம்மிடிக்கு ரயில் ஏறினார். ஒரு வீட்டு முன்னால் நின்று, பதிவேட்டைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். மறுபடி பதிவேட்டைப் பார்த்தார்.

“ஆரோக்கியசாமி, இந்த மாட்டுக்குக் கொம்பே இல்லீங்களே?”

அது மொட்டை மாடு. மாட்டுக்காரன் சிரித்துவிட்டான். டாக்டர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பேனாவை என்னிடம் நீட்டி, அங்கேயே நின்று திருத்தச் சொன்னார். அன்று முழுவதும் வீடு வீடாகப் போய்த் திருத்தினோம். ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மரியாதையாகப் பேசிப் பேசியே என் மானத்தை வாங்கினார். வீட்டுக்குப் போய் என் மனைவியிடம், “நேத்து மொளைச்ச பையன் எனக்குப் பாடம் எடுக்கறான்” என்று குதித்தேன். “கொம்பு இல்லாத மாட்டுக்குக் கொம்பு வெச்சா எடுக்காம என்ன பண்ணுவாரு?” என்று அவள் சட்டியைக் கழுவப் போய்விட்டாள். இந்தக் கோபம் ஆறாமல் உள்ளேயே கிடந்தது. அது கிடந்ததுதான் பின்னால் வினையாகிப் போனது.

அடுத்த வருஷம் புரட்டாசி மாதம், மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், முனுசாமி என்பவர் ஒரு மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார். வத்தல்மலை அடிவாரத்தில் அவருக்கு வீடு. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. மேலே விளையும் சாமையும் கேழ்வரகும் கீழே வரவேண்டுமானாலும், கீழேயிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் மேலே போகவேண்டுமானாலும் முனுசாமியின் ஐந்து குதிரைகள்தான் வண்டி. நிலம் என்று பார்த்தால் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம்தான். குதிரை நடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

“நல்லாத்தான் தின்னுதுங்க. தின்னது எங்க போவுதுன்னே தெரியலீங்க” என்றார் முனுசாமி.

குதிரையின் விலா எலும்பை எண்ணிவிடலாம் போல் இருந்தது. ஆனால் அடிவயிறு மட்டும் வீங்கித் தொங்கியது. நடக்கும்போது பின்னங்கால் இரண்டும் பின்னின. டாக்டர் கண் இமையைத் திருப்பிப் பார்த்தார், வெளுத்திருந்தது. காய்ச்சல் பார்த்தார், இல்லை. “நடுவுல காய்ச்சல் வந்துச்சுங்களா?” என்று கேட்டார். நாலு நாள் வரும், போகும் என்றார் முனுசாமி. காதோரத்தில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் என்னையும் மருந்தக எழுத்தரையும் உட்கார வைத்துச் சொன்னார். அவர் சந்தேகப்பட்டது சர்ரா என்ற நோயை. ரத்தத்துக்குள் நெளியும் ஒரு கிருமி. மாட்டு ஈ ஒரு குதிரையைக் கடித்துவிட்டு, அதே ரத்த வாயோடு அடுத்த குதிரையைக் கடித்தால் பரவிவிடும். காய்ச்சல் அடிக்கிற நாளில்தான் கிருமி ரத்தத்தில் தென்படும், மற்ற நாளில் ஒளிந்துகொள்ளும். அதற்கு ஊசி மருந்து இருக்கிறது. ஆனால் நம்மிடம் இல்லை, காரணம் எழுதி சேலத்திலிருந்து வரவழைக்க வேண்டும். இளைத்த உடம்புக்கு அந்த மருந்தே கடுமையானது, குத்துமதிப்பாகப் போட முடியாது. பூஞ்சை பிடித்த தீனி தின்றாலும் இதே மாதிரி கால் பின்னும்.

“அங்க ரத்தம் குடிக்கிற ஈ இருக்கான்னு முதல்ல பார்த்துடலாம்ங்க” என்று என்னிடம் மூன்று கண்ணாடிக் குப்பிகளைக் கொடுத்தார். கூடவே துண்டுச் சீட்டுகள். எந்த ஊர், என்ன நேரம், எதன் மேல் உட்கார்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது என்று நாலு கேள்விகளை அவர் கையாலேயே எழுதியிருந்தார். மறுபடியும் கட்டம்! “வயித்துலயும் காலுலயும் உக்காரும். குப்பியை அது மேலயே கவுத்துப் புடிங்க. நசுங்காம முழுசா வேணும்ங்க” என்றார்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். ஐந்து குதிரைகளும் ஓடையோரம் புங்கமரத்தடியில் கட்டியிருந்தன. குப்பியோடு ஒரு குதிரையின் வயிற்றுக்குக் கீழே குனிந்தேன். விட்டது ஒரு உதை. குப்பி எங்கேயோ போய் உடைந்தது, நான் சாணத்தில் உட்கார்ந்தேன். முனுசாமி ஓடி வந்து தூக்கினார். அவர் மனைவி மாதம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏண்ணா, அதுங்கிட்டச் சொல்லிட்டுக் குனியறதில்லீங்களா?” என்றாள். அவளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். குதிரைகளுக்குத் தீனி போடுவது, கொள்ளு வேகவைப்பது, புண்ணுக்கு மஞ்சள் வைப்பது எல்லாம் அவள்தான். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். அவள் குரல் கேட்டால் ஐந்தும் காதைத் திருப்பும்.

மறுபடி குனிய எனக்குத் தைரியம் வரவில்லை. அப்போதுதான் கிளுவை வேலியில் ஒரு காய்ந்த குச்சி நுனியில் அதைப் பார்த்தேன். பெரிய ஈ. கூன் முதுகு, நீண்ட முள்ளுக் கால், முகத்தில் மீசை, வாயில் கெட்டியான ஊசி. அந்த ஊசியைப் பார்த்ததும் இதுதான் ரத்தம் குடிக்கிறவன் என்று முடிவு கட்டிவிட்டேன். அது தன் காலால் இன்னொரு ஈயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. தடித்த உடம்பு, தலை முழுக்கப் பச்சைப் பச்சையாகக் கண்.

“ஜோடிங்கண்ணா அது. உட்டுடுங்க, பாவம்” என்று மாதம்மா மறுபடி சிரித்தாள்.

இரண்டையும் ஒரே வீச்சில் குப்பிக்குள் பிடித்தேன். கவிழ்த்துப் பார்த்தால் பச்சைக் கண்காரன் அசையவே இல்லை, இறக்கையும் கசங்கியிருந்தது. முழுசா வேணும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே. அதைச் சுண்டிக் கீழே போட்டேன். மீசைக்காரனை வைத்துக்கொண்டேன். அதே குச்சியில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது, அதையும் பிடித்தேன். சீட்டை எடுத்தேன். ‘எதன் மேல் உட்கார்ந்திருந்தது’ என்ற இடத்தில் குதிரை மேல் என்று எழுதினேன். வேலி மேல் என்று எழுதினால், குதிரை மேல் பிடிக்கச் சொன்னேனே என்று அந்த மெல்லிய குரலில் கேட்பார், மறுபடி அனுப்புவார். குதிரை அங்கேயேதான் நிற்கிறது, வேலிக்கும் அதற்கும் நாலடி தூரம். கொம்பை வளைத்து எழுதிய அதே கைதானே?

மறுநாள் காலை டாக்டர் ஈயைத் தக்கை மேல் குத்தி வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

“இதைக் குதிரை மேலதான் புடிச்சீங்களா?”

“ஆமாங்க சார்.”

“வேற ஈ எதுவும் அது மேல உக்காந்துச்சுங்களா?”

“இல்லீங்க சார். பொடி ஈ கொஞ்சம். அவ்வளவுதான்.”

“அப்பிடீன்னா ரத்தம் குடிக்கிற ஈ அங்க இல்லீங்க” என்றார். பிறகு கண்ணாடியை என் கையில் கொடுத்து, பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகக் காட்டினார். இது வேட்டை ஈ. ரெண்டு கண்ணுக்கும் நடுவில் உச்சந்தலை பள்ளமாக இருக்கிறது பாருங்கள். இந்த மீசை, பிடித்த பூச்சி முகத்தில் அடிக்காமல் இருப்பதற்கு. முள்ளுக் கால், பறக்கிற பூச்சியைப் பறக்கும்போதே கவ்வுவதற்கு. ஊசியைக் குத்தி, உள்ளே இருப்பதைக் கரைத்து உறிஞ்சிவிடும். குதிரையை இது கடிக்காது. கடிக்க வருகிற ஈ, வண்டு, தேனீ என்று பறக்கிற எதையும் பிடிக்கும். பிடித்ததும் ஒரு குச்சி நுனிக்குப் போய் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்னும். மாட்டு ஈ இப்படி இருக்காது. தடித்த உடம்பு. தலை முழுக்கக் கண், பச்சையாக மின்னும். வாயில் ஊசி இல்லை, கத்தி. தோலைக் கீறிவிட்டு, வழிகிற ரத்தத்தை நக்கும். பெண் ஈ மட்டும்தான் குடிக்கும்.

பச்சையாக மின்னும் என்று அவர் சொன்ன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. சுண்டிக் கீழே போட்டேனே, அதுதான். வேட்டை ஈ அதைப் பிடித்துக்கொண்டுவந்து என் கையில் கொடுத்திருக்கிறது. நான் ஜோடி என்று நினைத்து, குற்றவாளியை வீசிவிட்டுப் போலீஸ்காரனைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். எழுத்தர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மொட்டை மாட்டுக் கதையை ஆபீஸ் முழுக்கப் பரப்பிய ஆள் அவர். இந்தச் சின்னப் பையன் முன்னால் இரண்டாவது தடவை தலைகுனிய வேண்டுமா என்று நினைத்தேன். நாளைக்கே போய் ஒரு மாட்டு ஈயைப் பிடித்துக்கொண்டு வந்து, இப்போது கிடைத்தது சார் என்று வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே தகவல் வந்தது. ஒகேனக்கல் பக்கம் காட்டோர ஊர்களில் வெக்கை நோய் என்று சந்தேகம், உடனே ஊசி போடப் போகவேண்டும். விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன். பரிசலில் ஆற்றைக் கடந்து கடந்து மாட்டுப்பட்டிகளுக்குப் போனோம். பரிசல்காரர்கள் வறுத்த மீன் கொடுத்தார்கள், நன்றாகச் சாப்பிட்டேன். முனுசாமியின் குதிரைகள் அவ்வப்போது நினைவுக்கு வரும். இன்னும் இரண்டு நாளில் போய்விடுவோமே என்று தள்ளிவிடுவேன். இரண்டு நாள் இரண்டு வாரம் ஆகிவிட்டது.

நான் இல்லாதபோது டாக்டர் தானே அடிவாரத்துக்குப் போயிருக்கிறார். அவர் போன நாள் தூறல். தூறலில் மாட்டு ஈ வெளியே வராது. ஈ இல்லை என்பது அவருக்கு ஏற்கெனவே உறுதி, ஆகவே தீனியைப் பார்த்திருக்கிறார். கூரை ஒழுகி, கொள்ளுப் பானையின் அடியில் ஈரம் இறங்கியிருந்தது. கையை விட்டு எடுத்தால் கொள்ளு பச்சையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறது. “இந்தக் கொள்ளை இனிமே போடாதீங்கம்மா. இதனாலதான் இருக்கும்போல” என்று அவர் வழக்கம்போல மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறார். முனுசாமி பானையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஓடையில் போட்டு உடைத்தார்.

நான் திரும்பி வருவதற்குள் மூன்று குதிரைகள் செத்துவிட்டன.

சைக்கிளை நேராக அடிவாரத்துக்கு விட்டேன். வெயில் சுள்ளென்று அடித்தது. மிச்சமிருந்த இரண்டும் புங்கமரத்தடியில் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. ஒன்றின் அடிவயிற்றில் நாலு மாட்டு ஈக்கள். உதைக்கக்கூட அதற்குத் தெம்பில்லை. குப்பியைக் கவிழ்த்தேன், சாவதானமாகப் பிடித்தேன். தொட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் உடம்பு கொதித்தது. காதோரத்தில் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவர், நிமிராமலே கையை நீட்டி என் தோளைப் பிடித்து இழுத்து, என்னைப் பார்க்கச் சொன்னார். சிவப்பு வட்டங்களுக்கு நடுவில் புழுப்போல ஒன்றிரண்டு தெரிந்தன.

அன்று மாலையே அவர் சேலத்துக்குப் பஸ் ஏறி, மறுநாள் காலை மருந்தோடு வந்து இறங்கினார். இரண்டு குதிரைகளும் பிழைத்தன. ஊசி போட்டுவிட்டு வரும் வழியில் என்னைக் கேட்டார்.

“முன்னாடி நீங்க போனப்ப இந்த ஈ இல்லீங்களா?”

“இல்லீங்க சார். நடுவுல பேஞ்ச மழைக்கப்புறம்தான் வந்திருக்கும்.”

அவர் நம்பினார். நோட்டில் எழுதியும் வைத்துக்கொண்டார். அவ்வளவு கூர்மையான மனுஷன், பூச்சியை நம்பமாட்டார், தீனியை நம்பமாட்டார், கண்ணாடி வைத்துப் பார்ப்பார். என்னை மட்டும் கண்ணாடி இல்லாமலே நம்பினார். அந்தப் பாவி நான்.

முதல் பொய்யைவிட இந்த இரண்டாவது பொய்தான் கொடியது என்று எனக்குப் பிறகு புரிந்தது. ஈ பிந்தி வந்தது என்றால், முதல் மூன்று குதிரைகள் எதனால் செத்தன? கொள்ளினால். முனுசாமி அப்படித்தான் எடுத்துக்கொண்டார். ஊர் அப்படித்தான் பேசியது. மாதம்மாவும் அப்படித்தான் நம்பினாள்.

ஐந்து குதிரை சுமந்ததை இரண்டு சுமக்க முடியவில்லை. முனுசாமி அவற்றை விற்றுவிட்டு, கல் உடைக்கும் வேலைக்குப் போனார். அடுத்த வருஷம் ஆட்டுக்கு மருந்து புகட்ட அந்த ஊருக்குப் போயிருந்தேன். அவர்கள் வீட்டில் இரண்டு வெள்ளாடும் ஒரு கறவை மாடும் இருந்தன. முனுசாமியே தழை வெட்டிப் போட்டார், முனுசாமியே தவிட்டைக் கரைத்தார். கல் உடைத்துப் பிளந்திருந்த கையால் பாலும் அவரே கறந்தார். மாதம்மா வாசலைத் தாண்டிப் பட்டிப்பக்கம் வரவில்லை. நான் ஆட்டைப் பிடிக்கத் தடுமாறியபோது, “கொஞ்சம் புடிம்மா” என்று கூப்பிட்டுவிட்டேன்.

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு தழையைக் கழித்துக்கொண்டிருந்தார்.

“நான் தொட்டா ஆவாதுங்கண்ணா” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஐந்து குதிரைக்கும் பெயர் வைத்துக் கூப்பிட்டவள்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் முனுசாமி மருந்தகத்துக்கு வருவார், டாக்டருக்குத் தெரியும், வேலைக்கே ஆபத்து வரலாம். எனக்கு அப்போது மூன்று குழந்தைகள். ஆட்டுக்கு மருந்தைப் புகட்டிவிட்டு, அவள் கொடுத்த மோரையும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் சில ஜெபங்களைச் சொல்லச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லிவிடு என்றும் சொன்னார். ஜெபங்களை ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் சுந்தரம் மாற்றலாகிப் போனபோது பஸ் நிலையத்தில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அந்தக் காய்ச்சல் நாள்ல ரத்தம் எடுத்தீங்க பாருங்க, அதை மறக்கமாட்டேங்க” என்றார். அவரிடமும் சொல்லவில்லை. பிறகு என்னையும் ஆத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள்.

எழுபதுகளின் கடைசியில்தான் தருமபுரிக்குத் திரும்பி வந்தேன். வந்த வாரமே அடிவாரத்துக்குப் போனேன். வேலை இருந்ததால் போகவில்லை, சொல்லத்தான் போனேன். வழியெல்லாம் முனுசாமியிடம் எப்படி ஆரம்பிப்பது, அவர் அடித்தால் வாங்கிக்கொள்வதா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். மாதம்மா வீட்டு முன்னால் கடலைக்காய் காய வைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. பட்டி காலி, முளைக்குச்சிகூட இல்லை.

“வாங்கண்ணா. எவ்வளவு நாளாச்சு!” என்று அடையாளம் கண்டுகொண்டாள்.

“எங்கம்மா, வூட்டுக்காரரைக் காணோம்?”

“அவுரு போயி மூணு வருசமாவுதுங்கண்ணா. நெஞ்சுல தூசி அடைச்சிப் போச்சுன்னாங்க. மாடு கன்னையெல்லாம் அப்பவே வித்துட்டேன். நமக்கெதுக்குங்க அந்தப் பாவம்?”

நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயமாக இருந்தது. வேலிக் குச்சி, ஜோடி என்று அவள் சிரித்தது, நான் சுண்டிப் போட்ட பச்சைக் கண் ஈ, குதிரை மேல் என்று எழுதிய சீட்டு, டாக்டரிடம் சொன்ன இரண்டு பொய். கொள்ளு கெட்டுப் போயிருந்தது நிஜம்தான். ஆனால் குதிரைகள் சாகக் காரணம் அது இல்லை, கடைசி இரண்டின் ரத்தத்தில் இருந்ததுதான் முதல் மூன்றின் ரத்தத்திலும் இருந்திருக்கும், அன்றைக்கே நான் வாயைத் திறந்திருந்தால் ஐந்தும் பிழைத்திருக்கக்கூடும் என்று சொன்னேன்.

அவள் கடலைக்காயைத் துழாவிக்கொண்டே இருந்தாள். துழாவிய கையைப் பார்த்துக்கொண்டே, “என் கையால இல்லீங்களா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா.”

“நெசமாவா?”

“மாதா சத்தியமா.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். மண்ணை வாரித் தூற்றினால்கூட நின்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வாங்கண்ணா” என்று முன்னால் நடந்தாள். வீட்டுக்குப் பின்னால் துவரைக் காட்டைத் தாண்டி வரப்போரமாகக் கூட்டிப் போனாள். அங்கே கல் அடுக்கிய ஒரு மண்மேடு இருந்தது. மேலே காய்ந்த சாமந்திப் பூ. அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, என்னைத் தலைமாட்டுப் பக்கம் நிற்கச் சொன்னாள்.

“இப்ப எங்கிட்டச் சொன்னீங்க இல்லீங்களா, அதை அப்பிடியே இவருகிட்டயும் சொல்லுங்க.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். “முனுசாமி...” என்று ஆரம்பித்தேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மாதம்மா ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள். “சத்தமாச் சொல்லுங்கண்ணா” என்றாள். “கல்லு ஒடைச்சி ஒடைச்சி அவுருக்குக் காது மந்தமாப் போயிருந்துச்சு.”